பாகப்பிரிவினை

லேப்டாப் கடைக்குள் நுழைந்தால் இப்போதெல்லாம் விற்பனைப் பையன் முதலில் சொல்வது விலையை அல்ல, கோர் கணக்கை. 'இது எட்டு கோர் சார். இது பதினாறு.' எதற்கு என்று கேட்டால் 'ஸ்பீடு சார்' என்பான். எட்டு கோர் இருந்தால் எட்டு மடங்கு ஸ்பீடா என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, அடுத்த கவுன்ட்டர் சீனியரைத் திரும்பிப் பார்ப்பான். சீனியர் போனில் இருப்பார்.

பதில், இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே வழி, முப்பத்தைந்து வருஷம் நான் சோறு தின்ற தொழிலை வைத்துச் சொல்வதுதான். கட்டடம், பாலம், சிமினி, கொதிகலன் தாங்கும் இரும்புக் கூடு, இவையெல்லாம் காற்றிலும் பூகம்பத்திலும் சொந்தக் கனத்திலும் எவ்வளவு வளையும், எங்கே உடையும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லும் தொழில். தப்பாகச் சொன்னால் பேப்பரில் படம் வரும். சரியாகச் சொன்னால் யாருக்கும் தெரியாது.

ஒரு பெரிய அணையையோ விமான இறக்கையையோ அப்படியே முழுசாகக் கணக்குப் போட முடியாது. அதன் வடிவத்துக்குச் சூத்திரமே கிடையாது. அதனால் பொறியாளர்கள் நம் வீட்டுப் பெண்கள் விடிகாலையில் செய்வதைச் செய்தார்கள். புள்ளி வைத்தார்கள். புள்ளிக்குப் புள்ளி கோடு இழுத்தால் இறக்கை முழுக்க சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் எளிய உருவம். அது எப்படி இழுபடும் என்பதற்குச் சூத்திரம் உண்டு. எல்லாக் கட்டங்களையும் புள்ளிகளில் சேர்த்துக் கட்டினால் முழு இறக்கையும் எப்படி வளையும் என்று தெரிந்துவிடும். 1956ல் போயிங் விமான வேலைக்காக டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் என்று நான்கு பேர் இதை ஒரு கட்டுரையாக எழுதினார்கள். 1960ல் ரே கிளஃப் அதற்கு 'ஃபைனைட் எலிமென்ட்' என்று பெயர் வைத்தார். நாம் துண்டு என்றே வைத்துக்கொள்வோம்.

துண்டு போடுவது சுலபம். அதற்குப் பிறகுதான் வம்பு. ஒவ்வொரு புள்ளியும் மூன்று திசைகளில் நகரலாம். பத்து லட்சம் புள்ளி வைத்தால் 30 லட்சம் விடை தெரியாத எண்கள். 30 லட்சம் சமன்பாடுகள். ப்ளஸ் டூவில் இரண்டு சமன்பாட்டுக்கே நாம் விழித்தோம். இவற்றை ஒரு பெரிய அட்டவணையாக எழுதினால் 30 லட்சம் வரிசை, வரிசைக்கு 30 லட்சம் கட்டம். மொத்தம் 9 லட்சம் கோடி எண்கள், அதாவது 72 டெராபைட். ஆனால் ஒரு புள்ளிக்கு அதன் பக்கத்துப் புள்ளிகளோடு மட்டும்தான் உறவு. அடையாறில் இருக்கும் புள்ளிக்கு அம்பத்தூர் புள்ளியைத் தெரியாது. ஆகவே வரிசைக்கு அதிகபட்சம் 81 எண்கள் தேறும், மீதியெல்லாம் பூஜ்யம். பூஜ்யங்களை எழுதாமல் விட்டால் 72 டெராபைட் சுருங்கி இரண்டு ஜிபி ஆகிவிடுகிறது. இந்தத் தொழிலின் பாதி சாமர்த்தியம் பூஜ்யத்தோடு வேலை செய்யாமல் இருப்பதில்தான் உள்ளது.

பூஜ்யங்கள் சும்மா இருப்பதில்லை என்பது அடுத்த வம்பு. சமன்பாடுகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போனால், பூஜ்யமாக இருந்த இடங்களில் எண்கள் முளைக்கும். எவ்வளவு முளைக்கும் என்பது புள்ளிகளுக்கு நீங்கள் எந்த வரிசையில் நம்பர் கொடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

எழுபதுகளில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த முதல் உத்தியோகம் அதுதான். நம்பர் போடுவது. டிரேசிங் பேப்பரில் புள்ளிகளை வரைந்து, பக்கத்துப் புள்ளிகளின் நம்பர்கள் முடிந்தவரை பக்கத்திலேயே வருமாறு பென்சிலால் எழுத வேண்டும். பக்கத்து நம்பர்களுக்குள்ள வித்தியாசம் பாதியானால் கம்ப்யூட்டர் வேலை கால்வாசியாகும். இதையே தானாகச் செய்ய கட்ஹில், மெக்கீ என்ற இருவர் 1969லேயே வழி சொல்லிவிட்டார்கள். எங்கள் ஆபீசுக்கு அது வந்து சேரவில்லை. நான் வந்து சேர்ந்தேன். கம்ப்யூட்டர் எங்களுடையதல்ல, மணிக்கணக்கில் வாடகை. அட்டைக் கட்டை ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துப் போய் ஜன்னலில் கொடுத்தால் மறுநாள் காலையில் அகலப் பேப்பரில் விடை வரும்.

எங்கள் சீஃப் ஒருவர் இருந்தார். சட்டைப் பையில் ஸ்லைடு ரூல் வைத்திருப்பார். அட்டைக்கட்டு ஜன்னலுக்குப் போவதற்கு முன்னால் அவர் மேஜைக்குப் போக வேண்டும். கல்யாணப் பத்திரிகைக் கவரின் பின்பக்கத்தில் நான்கு வரி எழுதி, 'இவ்ளோ வரும்' என்று ஒரு எண்ணைச் சொல்வார். 'டபிள்யூ எல் ஸ்கொயர் பை எட்டு' என்பது அவருடைய காயத்ரி மந்திரம். மறுநாள் வரும் பேப்பரை அந்தக் கவரோடு ஒப்பிடுவார். எண் பக்கத்தில் இருந்தால் தலையாட்டுவார். விலகியிருந்தால் கவரையும் பேப்பரையும் எங்களிடமே கொடுத்து, 'ரெண்டுல எது தப்புன்னு சொல்லு' என்பார். பல தடவை பேப்பர்தான் தப்பு. சில தடவை கவர்.

புள்ளிகளை நெருக்கினால் விடை நன்றாக வரும். எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மடங்கு நெருக்கினால் புள்ளிகள் எட்டு மடங்கு. தெரிந்ததிலேயே நல்ல வரிசையில் நீக்கினாலும் கணக்கு 64 மடங்கு. ஒரு மணி நேரத்தில் முடிந்தது இரண்டரை நாளுக்கு மேல் ஓடும். இங்கேதான் 'ஒரு ஆள் போதாது, பல பேர் சேர்ந்து போடுங்கள்' என்ற யோசனை வருகிறது. ஆயிரம் கம்ப்யூட்டரை வரிசையாக நிறுத்தி, கட்டடத்தை ஆயிரம் பங்காக வெட்டி, ஆளுக்கு ஒன்று.

வெட்டுவது என்றால் நமக்குத் தெரிந்ததுதான், பாகப்பிரிவினை. சிவாஜி படத்திலிருந்து சிவில் கோர்ட் வரைக்கும் பார்த்திருக்கிறோம். வீட்டை நான்கு அண்ணன் தம்பிகளுக்குப் பிரித்தால் அறைகள் பிரச்னையில்லை. நடுச்சுவர்தான் பிரச்னை. ஆணி அடிப்பது யார், வெள்ளையடிப்பது யார், அந்தப் பக்கம் ஒழுகினால் இந்தப் பக்கம் யார் பொறுப்பு. கணக்கிலும் அப்படியே. பங்கின் உள்ளே இருக்கும் துண்டுகளுக்கு வெளியுலகம் தேவையில்லை. எல்லையில் இருக்கும் துண்டுகள் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்துக்காரனைக் கேட்டாக வேண்டும். 'நீ எவ்வளவு நகர்ந்தாய்? எவ்வளவு தள்ளுகிறாய்?'

சின்னக் கணக்கு ஒன்று போடுவோம், பயப்படாதீர்கள். நூறுக்கு நூறுக்கு நூறு என்று ஒரு பெரிய கனசதுரம், பத்து லட்சம் துண்டுகள். எட்டுப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,25,000. அதில் பங்காளிச் சுவரை ஒட்டியிருப்பவை 7,351. நூற்றுக்கு ஆறு. பரவாயில்லை. அதையே ஆயிரம் பேருக்குப் பிரியுங்கள். ஆளுக்கு 1,000 துண்டு. நடுவில் மாட்டிக்கொண்டவருக்கு ஆறு பக்கமும் பங்காளிகள், சுவரை ஒட்டிய துண்டுகள் 488. கிட்டத்தட்ட பாதி. ஆள் சேரச் சேர ஒவ்வொருவர் வேலையும் குறைகிறது; பேச்சு மட்டும் அந்த அளவுக்குக் குறைய மாட்டேன் என்கிறது. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு சேதி போய்ச் சேர ஆகும் நேரத்தில், பிராசஸர் ஆயிரக்கணக்கான கூட்டல் பெருக்கல்களைச் செய்து முடித்திருக்கும். பேசும் நேரம் வேலை நேரத்தைத் தாண்டிவிட்டால் ஆளைக் கூட்டக் கூட்ட வேலை மெதுவாகும். அரசாங்கக் கமிட்டிகளில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே எங்கே வெட்டுவது என்பதே தனிக்கலையாகிவிட்டது. எல்லோருக்கும் சமமான வேலை, நடுச்சுவர் குறைவு, இரண்டும் வேண்டும். அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கேரிப்பிஸும் விபின் குமாரும் தொண்ணூறுகளில் 'மெடிஸ்' என்று ஒரு புரோகிராம் எழுதினார்கள். பக்கத்துப் புள்ளிகளை இரண்டிரண்டாக ஒட்டி ஒட்டிப் படத்தைச் சின்னதாக்கு. சின்னப் படத்தில் வெட்டு. பிறகு மெல்ல விரித்துக்கொண்டே வெட்டின ஓரத்தைச் சீர்படுத்து. இவ்வளவுதான் யோசனை. உலகத்தில் பெரிய கணக்குப் போடுகிற பாதிப் பேர் இதையோ இதன் உறவுக்காரனையோதான் உபயோகிக்கிறார்கள் என்பது என் ஊகம்.

இன்னொரு வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஷார்பெல் ஃபாரா, பிரான்ஸ்வா ரூ இருவரும் 1991ல் சொன்னது. பெயரே 'கிழித்து இணைத்தல்' என்கிற அர்த்தத்தில் வைத்தார்கள். கட்டடத்தைத் துணி மாதிரி தைரியமாகக் கிழித்துவிடு. ஒவ்வொரு கிழிசலும் தன் கணக்கைத் தானே போடட்டும். பிறகு கிழிந்த ஓரம் இரண்டும் ஒட்டி இருப்பதற்கு எவ்வளவு விசை கொடுத்து இழுத்துத் தைக்க வேண்டும் என்று மட்டும் கண்டுபிடி. அந்த விசைதான் விடை.

இதில் ஒரு வேடிக்கை. கிழித்ததும் சில துண்டுகளுக்குத் தரையோடு தொடர்பே இருக்காது. அஸ்திவாரம் வேறு யார் பங்கிலோ போய்விட்டது. இந்தத் துண்டு அந்தரத்தில் மிதக்கிறது. லேசாகத் தட்டினால் போய்க்கொண்டே இருக்கும். கணிதப்படி அதற்கு ஒரே விடை கிடையாது. முதலில் இதைத் தொல்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் மிதக்கும் துண்டுகள் எல்லாம் எப்படி எப்படி நகரலாம் என்பதை மட்டும் சேர்த்து ஒரு சின்னப் பொதுக் கணக்கு வைத்தால், அது ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி வேலை செய்கிறது. பஞ்சாயத்து இல்லையென்றால் தெற்குத் தெருச் சேதி ஒவ்வொரு வீடாகத் தாண்டி வடக்குத் தெருவுக்குப் போக ஆயிரம் சுற்று ஆகும். பஞ்சாயத்து கூடினால் ஒரே சுற்றில் எல்லோருக்கும் உத்தேசமாகத் தெரிந்துவிடும். இந்த வழியின் வாரிசு ஒன்றை வைத்து, அமெரிக்காவின் சாண்டியா ஆராய்ச்சிக்கூடத்து 'சலினாஸ்' புரோகிராம் 3,375 பிராசஸர்களில் வினாடிக்கு ஒரு லட்சம் கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளைப் போட்டது. 2002ல் அதற்கு கார்டன் பெல் பரிசில் ஒரு பங்கு கிடைத்தது.

சரி, ஆயிரம் பேர் சேர்ந்தால் ஆயிரம் மடங்கா? 1967லேயே ஜீன் அம்டால் இதற்குத் தண்ணீர் ஊற்றிவிட்டார். கல்யாணச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவரே செய்தால் இருபது மணி நேர வேலை. அதில் பத்தொன்பது மணி காய் நறுக்குவது, தேங்காய் துருவுவது, அப்பளம் பொரிப்பது. எத்தனை பேரை வேண்டுமானாலும் விடலாம். ஒரு மணி நேரம் மட்டும் தலைமைச் சமையல்காரர் நின்று உப்பு புளி பார்த்துச் சாம்பாரை இறக்க வேண்டும். அதில் வேறு யாரும் கை வைக்க முடியாது. நீங்கள் ஆயிரம் ஆளைக் கூட்டி வந்தாலும் அந்த ஒரு மணி நேரம் அப்படியே நிற்கும். ஆக, இருபது மடங்குக்கு மேல் வேகம் ஏறாது. தொள்ளாயிரத்து எண்பது பேர் சும்மா காபி குடித்துக்கொண்டிருப்பார்கள்.

இதனால் பல பேர் நம்பிக்கை இழந்திருந்தார்கள். 1985ல் ஆலன் கார்ப் என்பவர், நிஜமான கணக்கில் 200 மடங்கு வேகம் காட்டுபவருக்கு 100 டாலர் தருகிறேன் என்று சவால் விட்டார். 1988ல் அதே சாண்டியாவில் ஜான் கஸ்டஃப்சனும் கூட்டாளிகளும் 1,024 பிராசஸர்களில் மூன்று கணக்குகளை ஓட்டிக் காட்டினார்கள். அதில் ஒன்று எங்கள் ஜாதி. ஒரு உத்திரத்தில் ஏற்படும் தகைவு. கிடைத்த வேகம் 1,021 மடங்கு.

அம்டால் சொன்னது பொய்யா? இல்லை. கஸ்டஃப்சன் சொன்னது, யாரும் பெரிய அண்டாவை வாங்கி அதே ஐம்பது பேருக்குச் சமைப்பதில்லை என்பதை. ஆள் கூடினால் பந்தியையும் பெரிதாக்குகிறோம். உப்புப் பார்க்கும் நேரம் ஐம்பது பேருக்கும் ஐந்தாயிரம் பேருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கணக்கைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் அந்தத் தனியாள் வேலை சதவீதத்தில் கரைந்துவிடும். சிந்தித்துப் பார்த்தால் எளிமையானது. சொல்ல இருபது வருஷம் ஆயிற்று.

நம் ஊரும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்க சூப்பர் கம்ப்யூட்டர் வாங்குவதில் கெடுபிடி இருந்த காலத்தில் 1988ல் சி-டாக் தொடங்கி, 1991ல் புனேயில் 'பரம் 8000' வந்தது. ஒரே ராட்சசனுக்குப் பதில் பல சின்ன மூளைகளைக் கோத்த மெஷின். இன்று அந்தக் கோக்கும் வித்தை உங்கள் மடியிலேயே உட்கார்ந்திருக்கிறது. 2004, 2005 வாக்கில் சில்லுகளின் கடிகார வேகத்தை மேலும் கூட்டினால் சூடு தாங்காது என்று ஆனபோது, எல்லாக் கம்பெனிகளும் ஒரு மூளையை விரட்டுவதை விட்டுவிட்டு மூளைகளை அடுக்க ஆரம்பித்தன. கடைப் பையன் சொன்ன எட்டு கோர் இப்படித்தான் பிறந்தது.

என் தம்பி மகன் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இதே தொழில் செய்கிறான். வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றுக்குக் கடலில் மிதக்கவிட்டு இழுத்துப் போய் இறக்குகிற ராட்சச கான்கிரீட் பெட்டிகள். நாற்பது லட்சம் புள்ளிகள். 256 கோர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவன் இலையில் பாதியிலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னடா?"

"ஒரே மாடல் பெரியப்பா. 128 கோர்ல ஓட்டினா ஒரு விடை. 256ல ஓட்டினா வேற விடை. வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் அனுப்பணும். கீழ என் கையெழுத்து."

"எவ்வளவு வேற?"

"ஒன்பதாவது இலக்கத்துல மாறுது."

எனக்கு நிம்மதியாயிற்று. இது ஒன்றும் பேய் வேலை இல்லை. உங்கள் வீட்டு எட்டு இலக்கக் கால்குலேட்டரிலேயே செய்து பார்க்கலாம். 2,00,00,000 என்று போட்டு 0.4 கூட்டுங்கள். எட்டு இலக்கத்துக்கு மேல் இடமில்லாததால் 0.4 கீழே விழுந்துவிடும். இன்னும் இரண்டு தடவை கூட்டுங்கள். அதே இரண்டு கோடி. இப்போது முதலில் 0.4, 0.4, 0.4 மூன்றையும் கூட்டி 1.2 ஆக்கி, அதோடு இரண்டு கோடியைச் சேருங்கள். 2,00,00,001. அதே எண்கள், கூட்டிய வரிசை வேறு. 128 பேர் தனித்தனியாகக் கூட்டிச் சேர்ப்பதும் 256 பேர் கூட்டிச் சேர்ப்பதும் வேறு வேறு வரிசை. யார் முதலில் முடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, ஒரே மெஷினில் இரண்டு தடவை ஓட்டினால்கூட வால் இலக்கம் மாறலாம். கடல் அலையின் உயரத்தையே நாம் இரண்டு இலக்கத்துக்கு மேல் அறியாதபோது ஒன்பதாவது இலக்கத்துக்காக ரசத்தை ஆற விடக்கூடாது.

"அது கிடக்கட்டும். சுவரெல்லாம் சேர்ற மூலையில எத்தனை துண்டு போட்டிருக்கே?"

"அது தானா போட்டுக்கும் பெரியப்பா. மெஷ் ஜெனரேட்டர்."

அப்போதுதான் அவனுக்கு ஸ்லைப்னர் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

நார்வேயில் வட கடலில் எரிவாயு எடுக்க ஒரு மேடை. பெயர் ஸ்லைப்னர் ஏ. 82 மீட்டர் ஆழத்தில் கடல் தரையில் உட்காரப் போகிற கான்கிரீட் அடித்தளம். உருளை உருளையாக 24 அறைகள், தேன்கூடு போல ஒட்டி நிற்கும். அவற்றில் நான்கு மட்டும் தூண்களாக உயர்ந்து மேல்தளத்தைத் தாங்கும். மூன்று உருளைகள் ஒட்டும் இடத்தில் நடுவே ஒரு முக்கோண இடைவெளி வரும் அல்லவா? மூன்று டம்ளரைச் சேர்த்து வைத்துப் பாருங்கள், தெரியும். அந்த முக்கோணம் மேலே திறந்திருக்கும். கடல் தண்ணீர் உள்ளே நிற்கும். உருளைகளுக்குள் அவ்வளவு தண்ணீர் இல்லை. ஆகவே கடலின் முழு அழுத்தமும் அந்தப் பங்காளிச் சுவரில்தான்.

1991 ஆகஸ்ட் 23. ஸ்டாவாங்கர் நகரத்துக்கு அருகே ஒரு ஃபியோர்டில், மேல்தளத்தைப் பொருத்துவதற்கு ஒத்திகையாக அடித்தளத்தைத் தண்ணீரில் மெல்ல இறக்கிக்கொண்டிருந்தார்கள். சுமார் 65 மீட்டர் அழுத்தம் வந்தபோது உள்ளே ஒரு பெரிய சத்தம். தண்ணீர் பாய்கிற சத்தம். பம்புகளால் சமாளிக்க முடியவில்லை. மேலே இருந்தவர்கள் தப்பி வெளியேறிவிட்டார்கள், உயிர்ச்சேதம் இல்லை. அடித்தளம் மூழ்கி, கீழே போகப் போக நொறுங்கி, 220 மீட்டர் ஆழத்தில் தரையில் மோதியது. பூகம்பமானிகள் ரிக்டர் 3 என்று பதிந்துகொண்டன. மிஞ்சியது இடிபாட்டுக் குவியல். நஷ்டம் மொத்தமாக 70 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள்.

விசாரித்தார்கள். கணக்குப் போட்டது நாஸ்ட்ரான். நாசா உருவாக்கி உலகமெல்லாம் நம்பும் புரோகிராம். அதில் கோளாறு இல்லை. அந்த முக்கோண மூலையில் போட்ட துண்டுகள்தான் கரடுமுரடு. பெரியவை, கோணலானவை. அந்தத் துண்டுகளை வைத்துச் சுவரின் வெட்டுவிசையைக் கணித்தபோது, நிஜத்தில் இருப்பதைவிட 47 சதவீதம் குறைவாக வந்துவிட்டது. சுவர் மெல்லியதாகிவிட்டது. உள்ளே வைத்த கம்பிகளும் நங்கூரம் பிடிக்கும் அளவுக்கு நீளமாக இல்லை. விபத்துக்குப் பிறகு அதே மூலையை நுணுக்கமாகத் துண்டு போட்டு மறுபடி கணக்கிட்டபோது, 62 மீட்டரில் உடையும் என்று விடை வந்தது. உடைந்தது 65ல்.

அதாவது, இந்த முறை எவ்வளவு நம்பகமானது என்பதற்கும் அதே விபத்துதான் அத்தாட்சி. நல்ல துண்டு போட்டவனுக்கு மூன்று மீட்டர் பிசகில் சொல்லியிருக்கும். ஆயிரம் பிராசஸரில் அந்தப் பழைய துண்டுகளை ஓட்டியிருந்தால் அதே 47 சதவீதத் தப்பு இன்னும் சீக்கிரமாக வந்திருக்கும்.

எனக்கு உறுத்துவது வேறு. அந்தச் சுவரை இரண்டு முனையிலும் பிடித்து நிறுத்திய ஒரு பட்டையாக நினைத்தால், முனையில் வரும் வெட்டுவிசை தண்ணீர் அழுத்தத்தை நீளத்தால் பெருக்கி இரண்டால் வகுப்பது. அழுத்தம் 65 மீட்டர் தண்ணீர். எங்கள் சீஃபின் கவரில் முக்கால் கவர் மிச்சமிருக்கும்.

அடுத்து நடந்ததுதான் கதையில் எனக்குப் பிடித்த இடம். எரிவாயு தருவதாக ஒப்பந்தம் போட்டாகிவிட்டது, காத்திருக்க நேரமில்லை. புதிய அடித்தளம் வேண்டும். பழைய கம்ப்யூட்டர் விடைகள் மேல் யாருக்கும் நம்பிக்கை இல்லை. புதியவை வர நாளாகும். அந்தக் கம்பெனியின் பொறியாளர்கள் ஸ்லைடு ரூல் காலத்து முறைகளில், கையாலேயே கணக்குப் போட்டு வடிவமைக்கத் தொடங்கினார்கள். கம்ப்யூட்டர் விடைகள் வந்து சேர்ந்தபோது வடிவமைப்பு முழுவதும் முடிந்திருந்தது. 1993 ஏப்ரல் 29 அன்று புதிய அடித்தளத்தின் மேல் மேல்தளம் பொருந்தியது. அந்த வருஷமே கடலில் வேலை தொடங்கியது.

தம்பி மகன் கை கழுவிவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தான். மூலையைப் பெரிதாக்கிக் காட்டினான். மெஷ் ஜெனரேட்டர் அங்கே நீட்டமாக, நசுங்கின சமோசா மாதிரி பதினொரு துண்டுகள் போட்டிருந்தது. நாற்பது லட்சம் புள்ளிகளில் அந்த மூலைக்குக் கிடைத்த பங்கு அவ்வளவுதான். அவன் அவற்றை அழித்துவிட்டுச் சின்னதாக, சதுரமாக மறுபடி போட்டு, ஆபீஸ் மெஷினுக்கு அனுப்பினான். ஓடி முடிய நாற்பது நிமிஷம் என்றது.

"அதுவரைக்கும் என்ன பண்ண பெரியப்பா?"

பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். தரையில் உட்கார்ந்து எழுதினான். அழுத்தம், நீளம், பை இரண்டு. தகைவு 1.31 என்று வந்தது. முதலில் ஓட்டினதில் எவ்வளவு என்று கேட்டேன். பார்த்தான். 0.94. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. உள்ளேயிருந்து அவன் பெரியம்மா காபி வேண்டுமா என்று கேட்டதற்கும் பதில் இல்லை. நாற்பது நிமிஷம் சொன்னது ஐம்பது ஆயிற்று. புது விடை வந்தது. 1.27.

"மூணு சதவீதம் வித்தியாசம். ரிப்போர்ட்ல எதைப் போட?"

"ரெண்டையும் போடு" என்றேன்.

கம்பியையும் கூட்ட வேண்டும், வாடிக்கையாளர் கத்துவான் என்றான். கத்தட்டும் என்றேன். பத்திரிகையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனான்.